உஷார்! பர்ஸில் இருப்பது லைசென்ஸா, வெறும் அட்டையா?

படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை வெளியே எடுங்கள். போட்டோவில் எவ்வளவு ஒல்லியாக இருந்தோம் என்று ரசிப்பதற்காக இல்லை. அதில் ‘வேலிடிட்டி’ என்று ஒரு தேதி இருக்கும். அதை வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் வேறு யாரிடம் லைசென்ஸ் இருக்கிறதோ, அவர்களுடையதையும் வாங்கிப் பாருங்கள்.

எதற்கு இந்தப் பதற்றம் என்கிறீர்களா? 2019 வரை இருந்த சட்டப்படி, சொந்த வண்டி ஓட்டுவதற்கான லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து 20 வருடம் செல்லும். அல்லது நமக்கு 50 வயது நிறையும் வரை செல்லும். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கடைசி நாள். 2005-ல் எடுத்தது 2025-ல் முடிந்தது. 2006-ல் எடுத்தது 2026-ல் முடிகிறது. 1976-ல் பிறந்தவர் என்றால் கணக்கு இன்னும் மோசம்: 2014-ல்தான் எடுத்திருந்தாலும் 50-வது பிறந்தநாளோடு அது முடிந்துவிடும். காவேரிப்பாக்கம், ஓச்சேரி, பனப்பாக்கம், நெமிலி, வாலாஜா பக்கம் பைக் ஓட்டுகிற நடுவயதுக்காரர்களில் பலர் இந்த இரண்டு கணக்கில் ஒன்றில் வருவார்கள். அப்போது நாம் இருந்தது வேலூர் மாவட்டம். ராணிப்பேட்டை மாவட்டம் 2019 நவம்பரில்தான் பிறந்தது. மாவட்டம் மாறியதால் லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகாது. தேதி முடிந்தால்தான் ஆகும்.

இருபது வருடம் என்பது ஒரு பொருளை மறந்துபோக ரொம்பத் தாராளமான காலம். கேஸ் புக், ரேஷன் கார்டு, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் யாராவது மெசேஜ் அனுப்பி நினைவூட்டுகிறார்கள். 2005-ல் கொடுத்த செல்போன் எண் இன்றைக்கு யாரிடம் இருக்கிறதோ! ஆகவே லைசென்ஸ் முடிவது சத்தமில்லாமல் நடக்கும். அடுத்த நாள் காலையில் வண்டி வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும், நாமும் வழக்கம்போல ஹைவேயில் ஏறுவோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் நாம் லைசென்ஸே இல்லாதவர்.

“முடிந்தாலும் ஒரு மாசம் ஓட்டலாம்ணே, சலுகை உண்டு” என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். அது உண்மையாக இருந்த காலம் ஒன்று உண்டு. லைசென்ஸ் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்ற வரி மோட்டார் வாகனச் சட்டத்தின் 14-வது பிரிவில் இருந்தது. 2019-ல் வந்த திருத்தம் அந்த வரியை எடுத்துவிட்டது. 2019 செப்டம்பர் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. இன்னொரு பழைய நினைப்பும் சுற்றுகிறது: கொரோனா காலத்தில் தேதி நீட்டித்தார்களே என்பது. அந்த நீட்டிப்பு 2021 அக்டோபர் 31-உடன் முடிந்துபோனது. இரண்டையும் மறந்துவிடுங்கள். தேதி முடிந்த மறுநாளே நீங்கள் மாட்டுவீர்கள்.

போலீஸ் பிடித்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000 ரூபாய் அபராதம். முன்பு 500 ஆக இருந்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. ஐயாயிரம் என்றால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த ஐயாயிரம் இல்லை. அதைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அடுத்து வருவதைக் கேளுங்கள்.

பைக் இன்ஷூரன்ஸ் பாலிசியில் ‘ஓனர் டிரைவர் பி.ஏ.’ என்று ஒரு வரி இருக்கும். வண்டியின் சொந்தக்காரர் அதை ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக முடமானாலோ கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு அது. தொகை 15 லட்சம் ரூபாய். பழைய பாலிசிகளில் டூவீலருக்கு ஒரு லட்சம்தான் இருந்தது. 2018-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 15 லட்சமாக உயர்த்தியது. வருடத்துக்குச் சில நூறு ரூபாய் பிரீமியம். நாமும் கட்டுகிறோம். இதை வாங்க ஒரு நிபந்தனை உண்டு: விபத்து நடந்த அன்று ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். விபத்துக்கு முன்தினமே தேதி முடிந்திருந்தாலும் நிபந்தனை உடைந்ததுதான். ஒழுங்காகப் பிரீமியம் கட்டிய குடும்பம், 400 ரூபாய் செலவில் முடியக்கூடிய ஒரு புதுப்பிப்பைச் செய்யாததால் 15 லட்சத்தை இழக்கும். பிள்ளைகளின் படிப்பும் வீட்டு லோனும் நின்றுபோகிற தொகை அது.

எதிரே வந்தவர் அடிபட்டால் கதை வேறு மாதிரி போகும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, கம்பெனி கொடுத்துவிடும் என்று நினைப்போம். கொடுக்கவும் செய்யலாம்; அதுதான் சிக்கல். 2004-ல் ‘ஸ்வரன் சிங்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியபடி, லைசென்ஸ் இல்லாமலோ காலாவதியான லைசென்ஸோடோ ஓட்டி விபத்தானால், பாதிக்கப்பட்டவர் தெருவில் நிற்கக்கூடாது என்பதற்காகக் கம்பெனியே முதலில் பணம் கொடுக்கும்படி உத்தரவு வரலாம். பிறகு, வண்டியின் சொந்தக்காரர் தெரிந்தே தவறவிட்டார் என்று நிரூபணமானால், அந்தப் பணத்தை அவரிடமிருந்தே கம்பெனி வசூலிக்கும். வக்கீல்கள் ‘பே அண்ட் ரெகவர்’ என்பார்கள். குடும்பத்தலைவர் ஒருவர் இறந்த வழக்கில் இழப்பீடு எத்தனை லட்சம் ஆகும் என்று உங்கள் ஊர் வக்கீலைக் கேட்டுப்பாருங்கள். அதற்கு ஈடாக உங்களிடம் இருப்பது ஏரிப் பாசனத்தில் ஒரு துண்டு நிலமும் ஒரு மாடி வீடும்தான்.

கவனியுங்கள், ‘வண்டியின் சொந்தக்காரர்’ என்றேன். ஓட்டியவர் மட்டும் இல்லை. “மச்சான், வண்டிய குடு, ஆற்காடு வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்று கேட்கும் மைத்துனரிடம் சாவியைக் கொடுக்கும்போது, அவர் லைசென்ஸில் தேதி இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகத் தெரியும். கேளுங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுப்பதே 180-வது பிரிவில் குற்றம்: 5,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. மைத்துனர் கோபித்துக்கொண்டால் ஒரு பிரியாணியில் சமாதானம் ஆகிவிடுவார்.

தேதி முடியவில்லை, ஆனால் சில மாதம்தான் பாக்கி என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இப்போதே போடலாம். முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. முடிந்துவிட்டதா? அப்போதும் ஒரு வருடம் வரை தேர்வில்லாமல் புதுப்பிக்கலாம். ஆனால் இடைப்பட்ட நாட்களில் வண்டியைத் தொடாதீர்கள். ‘விண்ணப்பம் போட்டிருக்கிறேன் சார்’ என்ற ரசீது லைசென்ஸ் ஆகாது. ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போட்டுக் காட்டித்தான் வாங்க வேண்டும். முன்பு இந்த அவகாசம் ஐந்து வருடம். 2019-ல் அதை ஒரு வருடமாகக் குறைத்துவிட்டார்கள். இதில் அதிகம் மாட்டுகிறவர்கள் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று இந்தத் தோல் பட்டை முழுக்க வளைகுடாவில் ஒரு ஆள் இல்லாத தெரு குறைவு. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிறவருக்கு ஒரு வருட அவகாசம் என்பது கிட்டத்தட்ட அவகாசமே இல்லை. லீவில் வந்த அன்றே பாஸ்போர்ட்டோடு சேர்த்து லைசென்ஸ் தேதியையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அடுத்த லீவுக்குள் முடிகிறது, ஒரு வருடத்துக்குள்தான் இருக்கிறது என்றால் இந்த லீவிலேயே போட்டுவிடலாம்.

புதுப்பித்தால் மறுபடி 20 வருடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அந்தக் கணக்கும் மாறிவிட்டது. 30 வயதுக்குள் எடுப்பவருக்கு அல்லது புதுப்பிப்பவருக்கு 40 வயது வரை. 30-லிருந்து 50-க்குள் என்றால் பத்து வருடம். 50 முதல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. 55-க்கு மேல் ஐந்து ஐந்து வருடமாக. ஆக, இனிமேல் லைசென்ஸை எடுத்துவைத்துவிட்டு மறக்கிற சௌகரியம் யாருக்கும் இல்லை. புது அட்டை கைக்கு வந்த அன்றே முடியும் தேதியைப் போன் காலண்டரில், ஆறு மாதம் முன்னதாகவே மணியடிக்கும்படி போட்டுவையுங்கள்.

வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை. அரசின் பரிவாஹன் தளத்தில் ‘சாரதி’ என்ற பகுதி, அதில் தமிழ்நாடு, லைசென்ஸ் எண், பிறந்த தேதி. ஆதார் ஓ.டி.பி. வழியில் போனால் அலுவலகம் போகாமலேயே முடிக்கும் வசதி 2021-லேயே வந்துவிட்டது. மாநிலத்தில் எந்த உரிமம் வழங்கும் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்றும் சட்டம் தளர்ந்திருக்கிறது. வேலூரில் எடுத்தது என்பதால் வேலூருக்கே ஓட வேண்டியதில்லை. 40 வயது தாண்டியவர்களுக்கு ‘படிவம் 1ஏ’ என்ற மருத்துவச் சான்று வேண்டும். டாக்டர் கையெழுத்தை மட்டும் நூறு, இருநூறு கொடுத்து வாங்கித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். சான்று போலி என்று தெரிந்தால் லைசென்ஸே போகும். அதைவிட, ஹைவேயில் ராத்திரி ஓட்டுகிறவருக்குக் கண் சரியாகத் தெரிகிறதா என்று ஒருவர் உண்மையாகப் பார்ப்பது நல்லதுதானே.

கட்டணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கேட்ட விலையைக் கொடுப்பீர்கள். மத்திய விதிப்படி புதுப்பிக்க 200 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200. தாமதித்தால் 300, அதற்கு மேல் வருடத்துக்கு 1,000 கூடுதல். சின்னச் சேவைக் கட்டணம் ஏதாவது சேரலாம். இதைத் தாண்டி யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் அது அரசுக்குப் போகிற பணம் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் நேரில் போக வேண்டிவரும். பழைய புத்தக லைசென்ஸோ, கையால் எழுதிய லைசென்ஸோ வைத்திருப்பவர்களின் விவரம் கணினியில் ஏறாமலே கிடக்கலாம். சாரதியில் எண்ணைப் போட்டால் ‘விவரம் இல்லை’ என்று வரும். பதறி புது லைசென்ஸுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். எந்த அலுவலகம் கொடுத்ததோ அங்கே அசலைக் காட்டி, அதைக் கணினியில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். அலுவலகத்தில் இதை ‘பேக்லாக் என்ட்ரி’ என்பார்கள். எண்ணிலேயே விவரம் இருக்கும்: டி.என். 23 என்றால் வேலூர், 73 என்றால் ராணிப்பேட்டை. தேதி முடிவதற்கு வாரங்கள் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பதற்கும், முடிந்த பிறகு கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இனி புரோக்கர் சமாச்சாரம். எல்லாப் புரோக்கரும் திருடர் என்று நான் சொல்ல மாட்டேன். படிவம் என்றாலே கை நடுங்குகிறவர்களுக்கு யாராவது ஒருவர் வேண்டித்தான் இருக்கிறது. இ-சேவை மையத்தில் கேட்டால் சின்னத் தொகையில் முடிகிற வேலை அது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். புரோக்கரிடமோ பிரவுசிங் சென்டரிலோ கொடுத்தாலும், இரண்டு கட்டத்தை நீங்களே பார்த்து நிரப்புங்கள்: செல்போன் எண், முகவரி.

செல்போன் கட்டத்தில் அவசரத்துக்கு அவர் எண்ணைப் போட்டுவிடுவார். “ஓ.டி.பி. வந்தா உங்கள அலைய வெக்க வேணாம்னுதான் சார்” என்பார். அன்றிலிருந்து உங்கள் லைசென்ஸின் சாவி அவர் பாக்கெட்டில். அடுத்த முறை முகவரி மாற்ற, நகல் வாங்க, புதுப்பிக்க, எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அவருக்குப் போகும். அவர் கடையை மூடிவிட்டால் யாரைத் தேடுவீர்கள்? முகவரி அதற்கு அடுத்த பொறி. 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸ் அட்டையும் ஆர்.சி.யும் ஸ்பீட் போஸ்டில்தான் வருகின்றன; கவுன்ட்டரில் கையில் கொடுப்பதில்லை. கதவு எண் தவறு, தெரு பெயர் பழையது, பகலெல்லாம் இருவரும் வேலைக்குப் போய் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றால் அட்டை திரும்பிப் போய்விடும். ஷூ கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிற குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் முடிந்ததும் உங்கள் பகுதித் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

வாடகை, சரக்கு வண்டி ஓட்ட பேட்ச் எடுக்கப் போகிற டிரைவர்களைச் சுற்றி இன்னொரு வியாபாரம் உண்டு: எட்டாம் வகுப்பு சான்றிதழ். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவருக்கும் சில ஆயிரத்துக்கு டி.சி. தயாராகும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியையே 2019-ல் மத்திய அரசு நீக்கிவிட்டது. தேவையே இல்லாத காகிதத்துக்குக் காசு கொடுத்து, போலி ஆவணக் குற்றத்தையும் சேர்த்து வாங்காதீர்கள்.

வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் அட்டையில் ஒரு தேதி இல்லை, இரண்டு தேதி பார்க்க வேண்டும். என்.டி. என்பது சொந்த வண்டிக்கு, டி.ஆர். என்பது வாடகை, சரக்கு வண்டிக்கு. டி.ஆர். ஐந்து வருடம்தான். சொந்த வண்டிக்கான தேதி 2032 என்று கொட்டையாக இருக்கும். அதைப் பார்த்து நிம்மதியாக இருக்கும்போது பக்கத்தில் டி.ஆர். தேதி போன மாதமே முடிந்திருக்கும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு ஆசிட், ரசாயனம் ஏற்றும் லாரி ஓட்டுபவர்களுக்கு இன்னும் நெருக்கடி. அபாயகரமான பொருள் ஏற்ற வேண்டுமென்றால் தனிப் பயிற்சி, தனி அனுமதி, அதன் ஆயுள் மூன்றே வருடம். ஒரே ஒரு நல்ல செய்தி: சின்ன யானை போன்ற 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளைச் சாதாரண கார் லைசென்ஸ் உள்ளவரும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. “பேட்ச் இல்லை, கிளைம் கிடையாது” என்று அதற்குள் வரும் வண்டிக்கு யாராவது கைவிரித்தால், ‘ரம்பா தேவி வழக்கு’ என்று சொல்லுங்கள்.

முதல் தடவை எடுப்பவர்களுக்குச் சுருக்கமாக. முதலில் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம், அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் எட்டு போடத் தேதி கிடைக்கும். தேர்வில் விழுந்தால் ஏழு நாள் கழித்து மறுபடி. எல்.எல்.ஆர். காலத்தில் ‘எல்’ போர்டு வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவரிடம் முழு லைசென்ஸ் இருக்க வேண்டும். பின்னால் தோழியை ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகக்கூடாது. கியர் இல்லாத வண்டிக்கு வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு அண்ணன் பைக்கை எடுத்தால், அந்த நேரத்தில் உங்களிடம் லைசென்ஸ் இல்லை என்றுதான் பொருள். பேட்டரி ஸ்கூட்டர் கதையும் அப்படியே. ராணிப்பேட்டையிலேயே ஆம்பியர் ஆலை 2021-ல் வந்தபின் ஊருக்குள் அவை நிறையத் தெரிகின்றன. மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், 250 வாட்டுக்குள் இருந்தால் மட்டும்தான் லைசென்ஸ் வேண்டாம். அதற்கு மேல் ஓடுகிற பேட்டரி வண்டிக்கு லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும்.

பிளஸ் டூ பையனிடம் ஸ்கூட்டி சாவியைக் கொடுத்து “பாத்துப் போப்பா” என்று அனுப்புகிற அம்மா, அப்பாக்களுக்கு: 199ஏ பிரிவில் மாட்டுவது பையன் இல்லை, நீங்கள். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பனப்பாக்கம் சிப்காட்டில் டாடா மோட்டார்ஸ் ஆலைக்கும், ஹாங் ஃபூ காலணி ஆலைக்கும் 2024-ல் அடிக்கல் நாட்டினார்கள். நம் பிள்ளைகள் வேலைக்குப் போகிற வயதில் லைசென்ஸ் இல்லாமல் நிற்பதற்கு நாமே ஏன் காரணமாக வேண்டும்?

இவ்வளவையும் படித்தபின் உங்களில் சிலர் கூகுளைத் திறந்து ‘லைசென்ஸ் ரெனியூவல்’ என்று அடித்துக்கொண்டிருப்பீர்கள். கையை எடுங்கள்! அடுத்த குழி அங்கேதான் இருக்கிறது. தேடலில் மேலே வருகிற விளம்பரத் தளங்களில் சில, அரசுத் தளம் மாதிரியே சிங்க முத்திரை, மூவர்ணம் எல்லாம் வைத்திருக்கும். விவரம் வாங்கும், பணம் வாங்கும், பிறகு சத்தமே இருக்காது. முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். ‘டாட் காம்’, ‘டாட் ஆர்க்’ என்று முடிந்தால் மூடிவிடுங்கள். நடுவில் எங்கேயோ ‘பரிவாஹன்’ என்று வருவது கணக்கில்லை.

இதைவிடக் கொடியது வாட்ஸ்அப்பில் வருகிறது. “உங்கள் வண்டி டிராஃபிக் விதியை மீறியது, செலானைப் பார்க்கவும்” என்று ஒரு மெசேஜ். முகப்பில் பரிவாஹன் முத்திரை. சில சமயம் உங்கள் வண்டி எண்ணே சரியாக இருக்கும். கீழே ஒரு ஃபைல், பெயர் ஏ.பி.கே. என்று முடியும். அது செலான் இல்லை, ஒரு ஆப். தொட்டு இன்ஸ்டால் செய்தால் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். அபராத பயத்தில் நாமும் கொடுப்போம். அன்றிலிருந்து வங்கி அனுப்புகிற ஓ.டி.பி. எல்லாம் யாருக்கோ போகும். 2024-ல் ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் இந்த மோசடியைத் துருவி, பின்னால் வியட்நாம் கும்பல் ஒன்று இருப்பதாகச் சொன்னது. நம் ஊருக்கு இதில் கூடுதல் ஆபத்து என்னவென்றால், மாட்டியவரின் போனிலிருந்தே அது அவருடைய குரூப்களுக்கெல்லாம் பரவும். அதனால் உங்களுக்கு வருவது தெரியாத எண்ணிலிருந்து இல்லை; தெருக்காரர், சம்பந்தி, கம்பெனி சூப்பர்வைசர் பெயரில் வரும். தெரிந்தவர் அனுப்பினாரே என்று நம்பித்தான் தொடுவோம்.

எந்த அரசுத் துறையும் வாட்ஸ்அப்பில் ஆப் அனுப்பி அபராதம் கேட்காது. செலான் இருக்கிறதா என்று சந்தேகமா? பரிவாஹனின் இ-செலான் பக்கத்துக்கு நீங்களாகப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இருந்தால் அங்கே இருக்கும். லைசென்ஸையும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்: டிஜிலாக்கரிலோ, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிய எம்-பரிவாஹன் ஆப்பிலோ இருப்பது அசலுக்குச் சமம். போன் கேலரியில் இருக்கிற போட்டோ சமம் இல்லை, அதைக் காட்டி வாதாடாதீர்கள்.

ஏற்கெனவே தொட்டுத் தொலைத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், ஒவ்வொரு நிமிடமும் பணம். முதலில் நெட்டையும் வைஃபையையும் அணைத்து ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வேறொருவர் போனிலிருந்து வங்கிக்குப் பேசி கணக்கையும் யு.பி.ஐ.யையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அதே போனில் 1930-க்கு அடியுங்கள். நாடு முழுக்க சைபர் மோசடிக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அடுத்த கணக்குக்குப் போவதற்குள் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு குரூப்களில் “என் போனிலிருந்து வந்த செலானை யாரும் தொடாதீங்க” என்று இன்னொருவர் மூலம் போடச் சொல்லுங்கள். போனை முழுதாக அழித்து மறுபடி அமைக்கும்வரை அதில் வங்கி ஆப் எதையும் திறக்க வேண்டாம்.